காய்ச்சல் இறங்கிய பிறகு

டெங்கு வார்டில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "பிளேட்லெட் எவ்வளவு?" தன் கணக்கோடு பக்கத்துப் படுக்கைக்காரரின் கணக்கும் மனப்பாடமாக இருக்கும். காலையில் 40,000, சாயங்காலம் 45,000. ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு போனுக்கும் இதே பதில். ஒரு சித்தி பப்பாளி இலைச் சாறு கொண்டுவருவார். ஒரு மாமா நிலவேம்புக் குடிநீர் வாங்கி வருவார். எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியதும் டிஸ்சார்ஜ் சீட்டு. வீட்டில் ரசம் சாதம், நாலு நாள் ஓய்வு. கண்டம் கடந்தது என்று குடும்பமே மூச்சு விடும்.

சிலருக்குக் கண்ணில் கோளாறு தொடங்குவது அந்தச் சமயத்தில்தான். காலையில் பேப்பரைப் பிரித்தால் தலைப்பின் நடுவில் இரண்டு எழுத்து இல்லை. எதிரில் நிற்பவரின் காதும் தோளும் தெரிகின்றன, மூக்கும் வாயும் கலங்கலாக இருக்கின்றன. "கண்ணுல பூச்சி பறக்குது" என்று சொன்னால், "உடம்புல தெம்பு இல்ல, இளநீர் குடி" என்று பதில் வரும். காய்ச்சலில் விழுந்து எழுந்தவர் கண் மங்குகிறது என்று சொன்னால் அதைச் சோர்வின் கணக்கில் எழுதிவிடுவது நம் வழக்கம். டாக்டர்களிலும் சிலர் அப்படித்தான்.

கொசு பரப்பும் நோய்களில் கண்ணுக்கு வரும் ஆபத்தைப் பற்றிப் பேசும்போது முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இந்தக் கால இடைவெளியை. காய்ச்சலோடு கண் பாதிக்கப்பட்டால் யாராவது கவனித்துவிடுவார்கள். காய்ச்சல் போன பிறகு, ஃபைலை மூடிய பிறகு வருவதுதான் தப்பிப்போகிறது. டெங்குவில் இந்த இடைவெளி ஏறக்குறைய ஒரு வாரம். சிக்குன்குனியாவில் ஒரு மாதம், இரண்டு மாதம்கூட ஆகும். காய்ச்சலுக்கு வைத்தியம் பார்த்தவர் ஒருவர், கண் பார்ப்பவர் இன்னொருவர். இருவருக்கும் நடுவில் நடந்து போக வேண்டியவர் நோயாளி. அவருக்கோ இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்றே தெரியாது.

டெங்குவில் கண்ணுக்குப் பின்னால் வலி வருவது எல்லோரும் அறிந்தது. கண்ணை அப்படி இப்படி உருட்டினாலே உயிர் போகும். அது காய்ச்சல் நாட்களின் வலி, பெரும்பாலும் தானாகப் போய்விடும், பார்வையைத் தொடாது. வெள்ளை விழியில் ரத்தத் திட்டு வருவதும் உண்டு. பார்க்கப் பயமாக இருக்குமே தவிர, இரண்டு வாரத்தில் கரைந்துவிடும். பயப்பட வேண்டியது வெளியே தெரியாத இடத்தில் நடப்பது.

கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் விழித்திரையின் நடுவே மாக்குலா என்ற சிறு பகுதி இருக்கிறது. சுமார் ஐந்து மில்லிமீட்டர் அகலம். படிப்பது, ஊசியில் நூல் கோப்பது, முகத்தை அடையாளம் காண்பது எல்லாம் அதன் வேலை. அதற்கும் நடுவில் ஒரு குழி, அங்கேதான் பார்வை மிகக் கூர்மை. டெங்குவுக்குப் பிறகு சிலருக்கு இந்த இடத்தில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் அழற்சி கண்டு கசிகின்றன. நீர் கோத்து வீங்குகிறது, சொட்டுச் சொட்டாக ரத்தம் கசிகிறது. சிலருக்கு நடுக்குழியிலேயே மஞ்சளாக ஒரு புள்ளி விழுகிறது. பிளேட்லெட் குறைந்ததால் ரத்தம் கசிகிறது என்று மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது. வைரஸை விரட்டக் கிளம்பிய உடம்பின் எதிர்ப்புச் சக்தியே குழாய்ச் சுவர்களைப் புண்ணாக்குகிறது என்பதுதான் பலரும் ஏற்கும் விளக்கம். காய்ச்சல் இறங்கும் நேரத்தில் இது தலைகாட்டுவதற்கும் அந்த விளக்கம் பொருந்துகிறது.

இதை நன்றாக ஆராய்ந்தவர்கள் சிங்கப்பூர்க்காரர்கள். அங்கே 2005-ல் டெங்கு பேரலையாக வந்தது. 14,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் கண்களைச் சோதித்தபோது பத்துப் பேரில் ஒருவருக்கு மாக்குலா பாதிப்பு இருந்தது. இரண்டே வருடத்தில், 2007-ல், மறுபடியும் டெங்கு. மறுபடியும் அதே சோதனை. இந்த முறை ஒருவருக்கும் இல்லை! மருத்துவமனைகளும் கொசுவும் மாறவில்லை, டெங்குவைப் பரப்பும் அதே ஏடிஸ்தான். மாறியது வைரஸின் வகை. டெங்குவில் நான்கு வகை இருக்கிறது. 2005-ல் பரவலாக இருந்தது முதல் வகை, 2007-ல் இரண்டாம் வகை. கண்ணைத் தாக்கும் குணம் வகைக்கு வகை மாறுகிறது என்ற எண்ணம் அப்போது வலுத்தது. போன வருட டெங்குவில் யாருக்கும் கண் போகவில்லை என்பதால் இந்த வருடமும் போகாது என்று இருந்துவிட முடியாது.

நல்ல செய்தியும் இருக்கிறது. டெங்குவால் கண் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் பார்வை திரும்பிவிடுகிறது, பலருக்கு மருந்தே இல்லாமல். ஒரு சிலருக்குப் பார்வை அளவுப் பலகையில் எல்லா எழுத்தும் தெரிந்தாலும், நடுவில் ஒரு மங்கல் திட்டு நிரந்தரமாகத் தங்கிவிடும். இரண்டு கண்ணும் மோசமாக இருந்தால் ஸ்டீராய்டு கொடுத்துப் பார்க்கிறார்கள். அதனால் நிச்சயம் குணமாகும் என்று நிரூபிக்கும் அளவுக்குச் சோதனைகள் நடக்கவில்லை. டெங்கு நோயாளிக்கு ஸ்டீராய்டு என்பது யோசித்துச் செய்ய வேண்டிய காரியம். அதை விழித்திரை மருத்துவரும் பொது மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்வதே முறை.

வீட்டிலேயே செய்துபார்க்க ஒரு சோதனை இருக்கிறது. கண் மருத்துவமனைகளில் கட்டம் போட்ட ஒரு அட்டையைக் காட்டி நடுப்புள்ளியைப் பார்க்கச் சொல்வார்கள். அந்த அட்டை கைவசம் இல்லாதவர்களுக்கு மாதக் காலண்டர் போதும். வாசிக்கும் தூரத்தில் வைத்து, கண்ணாடி போடுபவர் கண்ணாடியோடு, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நடுவில் இருக்கும் ஒரு தேதியை உற்றுப் பார்க்க வேண்டும். சுற்றியுள்ள கோடுகள் நேராக இருக்கின்றனவா, ஏதாவது ஒரு கட்டம் காணாமல் போகிறதா, மங்குகிறதா? பிறகு அடுத்த கண். ஒவ்வொன்றாக மூடிப் பார்ப்பது முக்கியம். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். ஒரு கண்ணில் பார்வை குறைந்து பல நாள் கழித்து, தற்செயலாகக் கண்ணைக் கசக்கும்போது கண்டுபிடிப்பவர்கள் ஏராளம்.

சிக்குன்குனியாவின் கதை வேறு. 1960-களில் கொல்கத்தா, சென்னை, வேலூர் என்று வந்துபோன அந்த நோய், முப்பது ஆண்டுக்கும் மேல் காணாமல் இருந்துவிட்டு 2005 கடைசியில் திரும்பியது. 2006-ல் மட்டும் இந்தியாவில் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதாக அரசுக் கணக்கு. மூட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்களைத் தெருவுக்குத் தெரு பார்த்தோம். அந்த வருடக் கடைசியில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு, காய்ச்சல் வந்து போனவர்கள் கண் மங்கலோடு வரத் தொடங்கினார்கள். அவர்களில் 37 பேரைப் பற்றி அங்குள்ள மருத்துவர்கள் 2007-ல் எழுதினார்கள். பெங்களூரிலும் கேரளத்திலும் இதே போன்ற நோயாளிகள். சிக்குன்குனியா கண்ணின் எந்தப் பகுதியையும் விட்டுவைப்பதில்லை என்பதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னதில் தென்னிந்திய மருத்துவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. முன்பகுதியில் அழற்சி, விழித்திரையில் அழற்சி, பார்வை நரம்பில் வீக்கம் எல்லாமே வருகின்றன. நரம்பு பாதிக்கப்பட்டால் முதலில் நிறம் வெளிறும், குங்குமச் சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும்.

இங்கே ஒரு உள்ளூர் ஆபத்து இருக்கிறது. சிக்குன்குனியா முடிந்து ஒரு மாதம் கழித்துக் கண் சிவந்தால் நம் ஊரில் யாரும் காய்ச்சலை நினைக்க மாட்டார்கள். "மெட்ராஸ் ஐ" என்று தீர்ப்பு எழுதிவிட்டு, தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் ஒரு சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொள்வார்கள். அப்படிச் சீட்டு இல்லாமல் வாங்குவதில் ஸ்டீராய்டு கலந்ததும் இருக்கும். விட்ட இரண்டாம் நாளே சிவப்பு குறையும், வாங்கியவருக்குத் திருப்தி. சிக்குன்குனியா அழற்சியில் ஏற்கெனவே கண் அழுத்தம் ஏறக்கூடும். கண்காணிப்பு இல்லாத ஸ்டீராய்டும் அழுத்தத்தை ஏற்றும். போதாக்குறைக்கு, இந்த அழற்சி அக்கி வைரஸ் குடும்பம் கண்ணில் உண்டாக்கும் அழற்சியைப் போலவே தோற்றம் காட்டும். உண்மையில் அது அக்கி வைரஸாக இருந்து, வெறும் ஸ்டீராய்டை மட்டும் ஊற்றினால் கருவிழியே புண்ணாகிவிடும்.

மெட்ராஸ் ஐயையும் இந்த உள் அழற்சியையும் பிரித்துப் பார்ப்பது அவ்வளவு கஷ்டம் இல்லை. மெட்ராஸ் ஐயில் பீளை கட்டும், காலையில் இமை ஒட்டிக்கொள்ளும், உறுத்தும். பீளையைத் துடைத்துவிட்டால் பொதுவாகப் பார்வை தெளிவாகவே இருக்கும். உள் அழற்சியில் பீளை இருக்காது. கருவிழியைச் சுற்றி வளையமாகச் சிவக்கும், வெளிச்சம் பட்டால் வலிக்கும், பார்வை மங்கும். சிவந்த கண்ணில் வலியும் மங்கலும் சேர்ந்தால் அது மெடிக்கல் ஷாப் சமாசாரம் இல்லை.

சிக்குன்குனியா மூட்டுவலி மாதக்கணக்கில் நீடிக்கும்போது சில மருத்துவர்கள் ஹைட்ராக்சிகுளோரோகுவின் மாத்திரை எழுதுகிறார்கள். கொரோனா காலத்தில் பெயர் பிரபலமான அதே மாத்திரைதான். வருடக்கணக்கில் சாப்பிட்டால் அது மாக்குலாவில் படிந்து, மீட்க முடியாத சேதத்தை ஏற்படுத்தலாம். அதனால் உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, ஆரம்பித்த முதல் வருடத்துக்குள் ஒரு முறை விழித்திரையைக் காட்ட வேண்டும், ஐந்து வருடம் தாண்டினால் ஆண்டுதோறும் காட்ட வேண்டும் என்பது நடைமுறை. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் இன்னும் சீக்கிரம் காட்ட வேண்டும். மலேரியாவுக்கு மூன்று நாள் குளோரோகுவின் சாப்பிட்டவர்கள் இதைப் படித்துவிட்டுப் பயப்பட வேண்டாம். பழைய டாக்டர் சீட்டை வைத்துக்கொண்டு மூட்டுவலிக்கு இரண்டு வருடமாக அதே மாத்திரையை வாங்கிச் சாப்பிடுகிறவர்கள்தான் பயப்பட வேண்டும்.

தென்னிந்தியக் கண் மருத்துவர்களிடம் 'காய்ச்சலுக்குப் பிந்தைய விழித்திரை அழற்சி' என்றே ஒரு வகைப்பாடு புழக்கத்தில் இருக்கிறது. என்ன காய்ச்சல் என்று உறுதியாகத் தெரியாது. வந்து போய் இரண்டு, மூன்று வாரத்தில் விழித்திரையில் வெள்ளைத் திட்டுகள். டெங்குவாக இருக்கலாம், சிக்குன்குனியாவாக இருக்கலாம், உண்ணி பரப்பும் காய்ச்சலாகவோ டைபாய்டாகவோகூட இருக்கலாம். தமிழ்நாட்டில் இப்படி வந்தவர்கள் சிலருக்கு மதுரையில் மூலக்கூறுச் சோதனை செய்தபோது வெஸ்ட் நைல் வைரஸ் அகப்பட்டது. ஏடிஸ் அல்ல, சாக்கடையில் வளரும் கியூலெக்ஸ் கொசு பரப்பும் நோய் அது.

வெஸ்ட் நைலின் விழித்திரை அடையாளத்தைத் தெளிவாக வரைந்துகாட்டியவர் துனீசியாவின் மொனாஸ்டிர் நகரத்துக் கண் மருத்துவர் மொன்செஃப் கைரல்லா. 2003-ல் அங்கே நோய் பரவியபோது அவருடைய குழு நோயாளிகளின் கண்பாவையை விரித்துப் பார்த்தது. விழித்திரை நரம்பிழைகள் ஓடும் போக்கிலேயே, புள்ளிக் கோலத்துக்கு வைத்த புள்ளிகள் மாதிரி, வெளிறிய புள்ளிகள் வரிசையாக இருந்தன. பெரும்பாலான நோயாளிகளுக்கு இது இருந்தது. பார்வையில் குறையே சொல்லாதவர்களுக்கும் இருந்தது. சர்க்கரை நோயாளிகளுக்குப் பாதிப்பு கூடுதல். சர்க்கரை வியாதி வீட்டுக்கு வீடு இருக்கும் நம் ஊருக்கு இந்தக் கடைசிச் செய்தி உறைக்க வேண்டும். ரத்தச் சோதனை முடிவு வரும் முன்பே, மூளைக் காய்ச்சலோடு கிடப்பவரின் கண்ணைப் பார்த்து இன்ன நோய் என்று சொல்ல முடிகிறது என்பதும் இதில் தெரியவந்தது.

இந்தக் கடைசி விஷயத்தை அதன் எல்லை வரை கொண்டுபோனது ஆப்பிரிக்காவின் மலாவி. அங்கே பிளாண்டயர் நகரில் குயின் எலிசபெத் மத்திய மருத்துவமனை. மழைக்காலம் வந்தால் குழந்தைகள் வார்டில் மலேரியா நிரம்பி வழியும். ஃபால்சிபாரம் வகை மலேரியா மூளையைத் தாக்கினால் குழந்தை நினைவிழந்துவிடும். கூப்பிட்டால் பதில் இல்லை, வலிப்பு வரும். ரத்தத்தில் மலேரியாக் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பார்கள், இருக்கும். மூளை மலேரியா என்று எழுதுவார்கள். ஆனால் அந்தப் பகுதியில் ஓடியாடி விளையாடும் குழந்தையின் ரத்தத்திலும் மலேரியாக் கிருமி இருக்கும்! அப்படியானால் கோமாவில் கிடக்கும் குழந்தையைக் கிடத்தியது மலேரியாதானா, வேறு ஏதாவதா?

மருத்துவர் டெர்ரி டெய்லரும் அவருடைய சகாக்களும் இந்தக் கேள்விக்கு விடை தேடினார்கள். இறந்த குழந்தைகளின் பெற்றோரிடம் சம்மதம் பெற்றுப் பிரேதப் பரிசோதனை செய்தார்கள். அந்தச் சம்மதத்தை அந்த நேரத்தில் ஒரு தாயிடம் கேட்பது எத்தனை கடினம் என்று சொல்ல வேண்டியதில்லை. கொடுத்த பெற்றோர்தான் இந்த ஆராய்ச்சியின் உண்மையான கொடையாளிகள். 2004-ல் முடிவு வெளியானது. மூளை மலேரியா என்று முடிவு செய்யப்பட்டு இறந்த 31 குழந்தைகளில் 7 பேர் வேறு காரணத்தால் இறந்திருந்தார்கள். கல்லீரல் கோளாறு, நிமோனியா, மூளையில் ரத்தக் குழாய் வெடிப்பு என்று வெவ்வேறு காரணம். உயிரோடு இருந்தபோது இந்த ஏழு பேரை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டியிருக்கக்கூடிய ஒரே அடையாளம், விழித்திரை.

அந்த விழித்திரையில் என்ன இருக்கும்? மலேரியாக் கிருமி புகுந்த சிவப்பணுக்கள் நுண்குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொண்டு வழியை அடைக்கும். சிவப்பு நிறத்தைக் கொடுக்கும் ஹீமோகுளோபினைக் கிருமி தின்றுவிடுவதால், குழாய்கள் ஆரஞ்சாகவோ வெளுத்தோ தெரியும். ரத்தம் போய்ச் சேராத திசு வெண்மையாகும். நடுவில் வெள்ளைப் பொட்டு வைத்த ரத்தத் திட்டுகள் இருக்கும். விழித்திரை மூளையின் நீட்சி, ரத்தக் குழாய்களின் கட்டமைப்பும் ஒரே மாதிரி. ஆகவே மண்டை ஓட்டுக்குள் நடப்பதை, தலையில் மாட்டிய ஒரு விளக்கும் கையில் ஒரு வில்லையும் வைத்துக்கொண்டு நேரடியாகப் பார்த்துவிடலாம். இந்த மாற்றங்களை 1990-களிலேயே கவனித்து விவரித்தவர்களில் முக்கியமானவர் கண் மருத்துவர் சூசன் லெவாலன்.

பிறகு அதே மருத்துவமனைக்கு எம்ஆர்ஐ கருவி வந்தது. விழித்திரை அடையாளம் உறுதியான 168 குழந்தைகளுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். இறந்த 25 பேரில் 21 பேருக்கு மூளை கடுமையாக வீங்கியிருந்தது. குழந்தைகளைக் கொல்வது அந்த வீக்கம் என்பது 2015-ல் வெளியான அந்த ஆய்வில் தெரிந்தது. கண்ணைப் பார்த்து உண்மையான மலேரியாக் குழந்தைகளைப் பிரிக்கத் தெரியாமல் இருந்திருந்தால் இந்த முடிவு கலங்கிப்போயிருக்கும். இதில் ஒரு விசித்திரம், பிழைத்த குழந்தைகளுக்கு இந்த விழித்திரை மாற்றங்கள் சுவடில்லாமல் மறைந்துவிடுகின்றன. பார்வை இழப்பவர்கள் சிலர் உண்டு. அவர்களுக்குக் கண் நன்றாக இருக்கும், பார்ப்பதைப் புரிந்துகொள்ளும் மூளைப் பகுதிதான் அடிபட்டிருக்கும்.

ஜிகா இன்னும் கொடுமை. அதைச் சுமப்பது தாய், விலை கொடுப்பது பிள்ளை. 2015-ல் பிரேசிலின் வடகிழக்கில், ரெசிஃபெ நகரைச் சுற்றி, தலை சிறுத்த குழந்தைகள் அடுத்தடுத்துப் பிறந்தன. அங்குள்ள கண் மருத்துவர் கமிலா வென்ச்சுராவும் சகாக்களும் மூன்று குழந்தைகளின் விழித்திரையைப் பார்த்து, 2016 ஜனவரியில் லான்செட் இதழில் எழுதினார்கள். மாக்குலா இருக்க வேண்டிய இடத்தில் திசு தேய்ந்து, கருமை சிதறிக் கிடந்தது. அடுத்து சால்வடோர் நகரில் தலை சிறுத்த 29 குழந்தைகளைப் பார்த்ததில் 10 பேருக்குக் கண் பாதிப்பு. அந்த 29 தாய்மார்களில் 6 பேர் கர்ப்ப காலத்தில் தங்களுக்குக் காய்ச்சலோ தடிப்போ வந்ததாக நினைவில்லை என்றார்கள். கொசு கடித்ததும் தெரியாது, நோய் வந்ததும் தெரியாது. பெரியவர்களுக்கு ஜிகா வந்தால் லேசான காய்ச்சல், தடிப்பு, பீளை இல்லாத கண் சிவப்பு, அவ்வளவுதான். 2017-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும், 2021-ல் திருவனந்தபுரத்திலும் ஜிகா கண்டறியப்பட்டது. பிரேசிலைப் போல இங்கே பிள்ளைகளைப் பாதித்ததாகத் தகவல் இல்லை என்றாலும், அதைப் பரப்பும் ஏடிஸ் நம் வீட்டு ஃபிரிட்ஜின் பின்பக்கத் தட்டிலேயே குடியிருக்கிறது.

வைரஸ் மட்டுமா? கேரளத்திலும் இலங்கையிலும் கண் மருத்துவர்கள் அவ்வப்போது, வெள்ளை விழியின் மேல்தோலுக்கு அடியிலிருந்து உயிரோடு நெளியும் புழுவை எடுக்கிறார்கள். பத்து சென்டிமீட்டருக்கும் மேல் நீளும். நாயின் உடம்பில் வாழ வேண்டிய அந்தப் புழுவின் குஞ்சைக் கொசு வழிதவறி மனிதருக்குள் இறக்கிவிடுகிறது. மனித உடம்பில் அதனால் பொதுவாகப் பெருக முடியாது. சிறு அறுவையில் எடுத்துவிட்டால் கதை முடிந்தது. கேட்டவர்களுக்குத் தூக்கம் கெடுமே தவிர, பெரும்பாலும் பார்வை கெடாது.

தூக்கம் கெட வேண்டியது டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்த்து. அதில் எத்தனையோ மாத்திரை, எத்தனையோ எண்கள். "அடுத்த சில வாரங்களில் பார்வை மங்கினால் கண் மருத்துவரைப் பாருங்கள்" என்று ஒரு வரி சேர்க்க மையும் செலவாகாது. காய்ச்சல் கண்ட எல்லோருக்கும் விழித்திரைச் சோதனை வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் உள்ள கண் பிரிவுகள் அதைத் தாங்காது. பார்வை மங்குகிறதா என்று கேட்டாலே போதும், கேட்கப்பட்டவர் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தாலே போதும்.

மங்கல் இருந்தால் அன்றைக்கே போக வேண்டும். துணைக்கு ஒருவர் வேண்டும், ஏனென்றால் கண்பாவையை விரிக்கும் மருந்து ஊற்றினால் சில மணி நேரம் வெளிச்சம் கூசும், வண்டி ஓட்ட முடியாது. போகும்போது பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளைக் கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். டெங்குவின் என்எஸ்1 சோதனை முதல் சில நாளில்தான் நன்றாகக் காட்டும். கண் மங்கும் நேரத்தில் எடுத்தால் பல சமயம் இல்லை என்றே வரும். அப்போது டாக்டருக்குக் கையில் இருக்கும் ஆதாரம் இரண்டு வாரத்துக்கு முந்தைய அந்தக் கசங்கிய சீட்டும், காய்ச்சல் தொடங்கிய தேதியும், அதன் பிறகு சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டைகளும்தான்.